சான்றிதழைக் கேட்பவர் யார்?

மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் அவ்வப்போது ஒரு சின்ன அறிவிப்பு வரும்: மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. கருத்தரங்குகளில் இப்போது ‘மைக்ரோ கிரெடென்ஷியல்’ (ஒரு குறிப்பிட்ட திறனுக்கான சிறு சான்று) என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்களே, அந்தச் சரக்கு நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இந்தத் தேர்வை எழுதினார். ஸ்விட்ச் போர்டுப் பக்கம் காதைக் கொடுத்தே லூஸ் கனெக்‌ஷனைச் சொல்லிவிடுகிற ஆள். அவருக்கு உதைத்தது வேறு இடம். “எர்த் குழியில உப்பும் கரியும் போடுவோம் சார். போட்டுத்தான் பழக்கம். ஏன் போடறோம்னு கேட்டா?” என்றார். அவை ஈரத்தைப் பிடித்து நிறுத்தும்; ஈரம் நின்றால் மண்ணின் மின்தடை குறையும்; கசியும் மின்சாரம் சுலபமாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அதைப் படித்த பிறகு, கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீடு வீடாக நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார். கை அறிந்ததற்குக் காரணம் தெரிந்துகொள்வது, அந்த வயதில் கிடைக்கிற பெரிய படிப்பு.

ஆனால் அந்தத் தேர்வில் கிடைக்கும் சான்றிதழுக்கு மதிப்பு வந்தது படிப்பால் மட்டுமல்ல. வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது. சவூதி அரேபியாவுக்குப் போகும் பிளம்பர், வெல்டர் கதையும் அதுதான். இங்கேயே திறன் தேர்வு எழுதித் தேறினால்தான் விசா என்று அந்த நாடு வைத்த பிறகு, தேர்வைப் பற்றி யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மற்றச் சான்றிதழ்களின் கதை அப்படியில்லை. 2015இல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்று ஒரு பிரிவு உண்டு. கொத்தனாருக்கோ தையல்காரருக்கோ ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தருவது. நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், அனுபவத்துக்கும் கணக்கு உண்டு என்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி. பயிற்சிக்குப் போகும் நாளில் கூலி போகிறதே, அதை யார் தருவது? சான்றோடு திரும்பினால் மறுநாள் சம்பளத்தில் பத்து ரூபாயாவது கூடுகிறதா? எத்தனை பேருக்குச் சான்று கொடுத்தோம் என்று அறிக்கை சொல்கிறது. அதை எத்தனை மேஸ்திரிகள் வாங்கிப் பார்த்தார்கள் என்று நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

இதில் அதிகம் இழப்பவர் சித்தாள். இருபது வருஷம் கலவை சுமந்து, கொத்தனார் கையைப் பார்த்தே பூச்சும் மட்டமும் பழகிய பெண்கள் நம் ஊரில் ஏராளம். சாப்பாட்டு இடைவேளையில் கரண்டியை எடுத்துச் சுவரை நேர் செய்துவிட்டு, ஆள் வந்ததும் திருப்பி வைத்துவிடுவார்கள். அவர்களைச் சோதித்துக் கொத்தனார் என்று சான்று கொடுப்பது ஒரு வார வேலை. கொத்தனார் கூலி கொடுத்து அழைக்க வைப்பதுதான் வேலை. பொதுப்பணித் துறையும் மாநகராட்சிகளும் தங்கள் ஒப்பந்தங்களில், சான்று பெற்ற பெண் கொத்தனார் இத்தனை பேர், அவர்களுக்குக் கூலி இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கட்டும். டெண்டர் கைவிட்டுப் போகும் என்றால், ஒப்பந்ததாரரே சித்தாளைத் தேர்வு மையத்துக்கு வண்டி வைத்து அழைத்துப் போவார்.