கல்லூரி இடாப்பும் கணினிக் கோப்பும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுள் அகப்பட்டோர் எத்தனை பேர் என அன்று எவராலும் திட்டமாய்ச் சொல்ல இயலவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றனர். பின்னர் அத்தொகை பத்துக்கணக்காகக் குறைந்தது. மனிதரைத் தேடுவதோடு பெயர்களையும் தேட நேர்ந்தது. உயிர் பிழைத்தோருடைய பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்களும் சேற்றோடு போயின. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியும் பதுளை மாவட்டத்தில் இத்துயரை மீண்டும் காட்டிற்று.

தோட்டத் தமிழனுக்குக் கடதாசி எத்தகையது என்பதை வரலாறு அறியும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை அற்றவர்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் அதனைப் பெறவேண்டின், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டு, மணமாகாதோராயின் பத்தாண்டு, இடையறாது இங்கு வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எழுத்தறியாதோரிடம் எழுத்துச் சான்று கேட்டால் வேறென்ன விளையும்? 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்த வழக்கு முற்றாகத் தீரவில்லை.

ஆதலால், பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் உள்ள கல்லூரிகளின் சேர்வு இடாப்பை வெறும் அலுவலகப் புத்தகமாக நாம் கருதுவதற்கில்லை. தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் என அதிலுள்ள ஒரு வரியே ஒரு குடும்பத்தின் இருப்புக்குச் சாட்சியாகிவிடும். அவ்வரிகள் இன்று கணினிக்கு மாறுகின்றன. 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய பதிவுகளுக்குச் சட்ட மதிப்பளிக்கிறது. பின்னொரு நாளில் எடுத்துப் பார்க்கக் கூடியதாய் அது இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது.

2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் அழிந்தன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசுக்கே இந்நிலையாயின், அலுவலக மூலையில் ஒரு கணினியும், அதன் கடவுச்சொல்லை அறிந்த ஒரே ஒரு எழுதுவினைஞரும் உள்ள கல்லூரியின் கதி என்ன? கணினியில் ஒரு பிரதி, அதனோடு எப்போதும் இணைக்கப்படாத வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என மூன்றேனும் வேண்டும். அதே மலைச்சரிவிலுள்ள பக்கத்துக் கட்டடம் வேறு ஊராகாது. தவணைக்கு ஒருமுறை அப்பிரதிகளைத் திறந்தும் பார்த்தல் வேண்டும்.

தமிழ்க் கல்லூரிகளுக்கு வேறோர் இடையூறும் உண்டு. நெடுங்காலம் நாம் 'பாமினி' எழுத்துருவிலே தட்டெழுதி வந்தோம். அக்கோப்பில் கணினி பதிந்து வைத்திருப்பது ஆங்கிலக் குறிகளை. தமிழ் அதற்கு மேற்பூச்சு மாத்திரமே. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற எழுத்துக் குவியலாகும். இன்றைய ஒருங்குறி முறையில் கந்தசாமி என்று தேடினால் அங்குள்ள கந்தசாமி அகப்படமாட்டார். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மூல இடாப்போடு ஒப்பு நோக்குதல் நமது பணி.

ஒப்பு நோக்கும்போது, ராமாயி என்பதை இராமாயி என்று 'செம்மை' செய்யும் தமிழார்வம் வேண்டாம்! பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் இடாப்பில் வேறொரு பெயருமாய் அல்லலுறுவோர் தோட்டங்களில் குறைவல்லர். காகிதத்தில் பிழை திருத்தினால், சிவப்பு மையில் வெட்டிய கோடும் அதிபரின் சுருக்கொப்பமும் நிலைத்திருந்தன. கணினியில் பழைய எழுத்துச் சுவடின்றி மறையும். ஆகவே திருத்தத்தைத் தனியே எழுதி, திருத்தியவர் பெயரையும் நாளையும் குறித்தல் வேண்டும்.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டுமென நாம் கூறவில்லை. சேர்வும் பெறுபேறும் விடுகைப் பத்திரமும் அழியலாகாதவை. விடுமுறைக் கடிதமோ, மாணவனின் நோய்க் குறிப்போ, பதினான்கு வயதில் செய்த குறும்புக்கான விசாரணைத் தாளோ அத்தகையன அல்ல. தேவை கடந்தபின் தனியார் விபரங்களை வைத்திருக்கலாகாது என்பதே 2022ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை. ஆயினும் எதை எப்போது நீக்குவது என்பது எழுத்தில் இருக்கட்டும். கணினியில் ஏற்றியாயிற்று என்று மூல இடாப்பைப் பழைய கடதாசிக் கடைக்குப் போடுவது மன்னிக்கத் தக்கதன்று.

இடமாற்றம் பெற்றுச் செல்லும் அதிபர் சாவிக்கொத்தையும் தளபாடப் பட்டியலையும் கையொப்பமிட்டு ஒப்படைக்கிறார். கடவுச்சொற்களும், மூன்று பிரதிகள் இருக்குமிடமும், அவை கடைசியாகத் திறந்து பார்க்கப்பட்ட நாளும் அப்பட்டியலில் சேரட்டும். வரும் தவணை இடமாற்றங்களிலேயே இதனைத் தொடங்கலாம்.