உங்களுக்கேற்ற யோகா எது என்று கேட்காதீர்கள்

போன வருடம் ஒரு செயலி என்னிடம் எட்டுக் கேள்விகள் கேட்டது. காலையில் சீக்கிரம் எழுபவரா? வியர்வை பிடிக்குமா? பின்னணியில் இசை வேண்டுமா? மன அழுத்தம் பத்துக்கு எத்தனை? எல்லாவற்றையும் தட்டி முடித்ததும், 'உங்களுக்கு ஏற்றது பவர் யோகா' என்று வாழ்த்துச் சொல்லி, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வகுப்பையும் காட்டியது. எட்டில் ஒரு கேள்விகூட என் முதுகைப் பற்றியது இல்லை. தினம் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதுகிற 34 வயது ஆளிடம், 'குனிந்தால் எங்கேயாவது வலிக்குமா?' என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம். வேகமாகக் குனிந்து, பின்னால் தாவி, நிமிர வேண்டிய ஒரு வரிசை. இடுப்புக்குக் கீழே சுளீரென்று இழுத்தது. மாஸ்டர் இருபத்தைந்து பேருக்கு முன்னால் மைக் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் நின்றுவிட்டதைப் பார்த்து, "ப்ரோ, வலியைத் தாண்டிப் போங்க" என்றார். போனேன். அடுத்த ஆறு வாரம் ஷூ லேஸைக்கூட அம்மாதான் கட்டிவிட்டாள். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. "இது ஏற்கெனவே இருந்திருக்கும், இப்பதான் தெரியுது" என்றார் டாக்டர். இருக்கலாம். அதனால்தான் முதல் நாளே யாராவது கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் என் சண்டை அந்த மாஸ்டரோடு இல்லை. 'உனக்கேற்ற ஸ்டைல் எது?' என்ற கேள்வியோடுதான். ஆபீஸில், நண்பர்கள் கூட்டத்தில், எங்கே யோகா பேச்சு வந்தாலும் இதுதான் முதல் கேள்வி. அஷ்டாங்கமா, வின்யாசமா, ஐயங்காரா, யின்னா, ஹாட்டா? துணிக்கடையில் சட்டை தொங்குவதுபோல யோகாவும் ரகரகமாகத் தொங்குகிறது, நம் அளவு நமக்குத் தெரியும், எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இரண்டுமே பொய்.

முதலில் இந்த ரகங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை இல்லை. சிவானந்தர் மரபு வேறு, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய பிக்ரம் வழி வேறு. ஆனால் இன்று உலகம் முழுக்க விற்கிற பெயர்களில் முக்கியமான சில, ஒரே மனிதரிடம் போய் நிற்கின்றன: திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888இல் பிறந்தவர். 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே அவர் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் பையன்கள். துள்ளுகிற வயது. அவர்களுக்கு மூச்சோடு சேர்த்துத் தாவித் தாவிச் செய்கிற வரிசைகளைக் கற்றுக்கொடுத்தார். அங்கே படித்த பட்டாபி ஜோயிஸ் அதைப் பிடித்துக்கொண்டார். அதுதான் அஷ்டாங்க வின்யாசம். அது அமெரிக்கா போய், 'பவர் யோகா' என்று பெயர் மாற்றி, சுற்றிக்கொண்டு வந்து என் இடுப்பில் இறங்கியது.

அதே யோகசாலையில் இன்னொரு பையன். குருவின் மைத்துனன். சின்ன வயதிலேயே காசநோய், மலேரியா, டைபாய்டு என்று எல்லாம் பார்த்த நோஞ்சான். 1937இல் அவரைப் புனேவுக்குக் கற்றுக்கொடுக்க அனுப்பினார்கள். தாவல் அவருக்குப் போதவில்லை. ஒரே நிலையில் நீண்ட நேரம் நின்று, எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். உடம்பு எட்டாத இடத்துக்குக் கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி என்று கொண்டுவந்தார். அவர் பி.கே.எஸ். ஐயங்கார்.

1950களில் கிருஷ்ணமாச்சார்யா சென்னைக்கு வந்துவிட்டார். இப்போது அவருக்கே வயதாகிவிட்டது. வருகிறவர்களும் பையன்கள் இல்லை. தூக்கம் வராதவர், மூச்சிரைப்புக்காரர், பிள்ளை பெற்றவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் அவரிடம் கற்றவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார். நம்ம ஜாதி, பொறியியல் படித்தவர்! 1976இல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அவர் வழிக்கு 'விநியோகா' என்று பெயர் ஒட்டியது. பிற்பாடு அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

குரு ஒருவர்தான். மாறியது, எதிரில் நின்ற உடம்பும் அவருடைய வயதும். என் தொழில் பாஷையில் சொன்னால், குறிப்பிட்ட ஒரு சர்வரின் பிரச்சினைக்காக எழுதிய பேட்ச்சைப் பிரித்தெடுத்து, டப்பாவில் போட்டு, எல்லோருக்கும் விற்கிறோம். எந்தப் பிரச்சினைக்காக எழுதினார்கள் என்ற குறிப்பை மட்டும் கிழித்துவிட்டோம். அந்தக் குறிப்பில் இருந்தது ஒரு மனிதனின் முதுகு, மூச்சு, வயது. விற்பனை எவ்வளவு தூரம் போகும் என்றால், பிக்ரம் 26 ஆசனங்களின் வரிசைக்குக் காப்புரிமை கேட்டு அமெரிக்க நீதிமன்றம் வரை போனார். அதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

"பிடிச்சதைச் செஞ்சா என்ன தப்பு? அப்படியாவது ஆரம்பிக்கிறாங்களே" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்குப் பிடிப்பது எது? ஏற்கெனவே நன்றாக வருவதுதான் பெரும்பாலும் பிடிக்கும். நான் அவசரக்காரன், எனக்கு வேகம் பிடித்தது. உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு மூட்டெல்லாம் ரப்பர் மாதிரி வளையும். அவளுக்கு யின் வகுப்பில் ஐந்து நிமிடம் வளைந்து தொங்குவது பிடித்திருந்தது. அவளுக்குத் தேவை வளைவு இல்லை, பலம் என்று சொல்ல ஆளில்லாமல் இடுப்பு மூட்டு வலியோடு திரிந்தாள். விருப்பத்தைக் கேட்டு யோகா கொடுத்தால், நம்மிடம் ஏற்கெனவே அதிகமாக இருப்பதே இன்னும் அதிகமாகக் கிடைக்கும்.

சரி, அப்போ குருவின் காலில் விழச் சொல்கிறாயா? சத்தியமாக இல்லை. ஒரு செய்முறை நிகழ்ச்சியில் திடீரென்று அனுமனாசனம் செய்யச் சொல்லி, செய்து, தொடையின் பின்தசை கிழிந்ததை ஐயங்காரே சொல்லியிருக்கிறார். சொன்ன குரு வேறு யாருமில்லை, கிருஷ்ணமாச்சார்யாதான். எதிரில் இருப்பவனைப் பார்க்காமல் ஆணையிட்டால் எத்தனை பெரிய குருவிடமும் தசை கிழியும். எனக்கு வேண்டியது குரு இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிற ஒரு ஆள்.

அதற்குக் காசு வேண்டுமே என்பீர்கள். தனி வகுப்பு விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் அம்மா போவது மாநகராட்சிப் பூங்காவுக்கு. இலவசம். சொல்லிக்கொடுப்பவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிதாக யார் வந்தாலும், "எங்க வலிக்குது? மாத்திரை என்ன சாப்பிடறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மூட்டுவலிக்காரர்களுக்கு என்று நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.

"அது என்ன ஸ்டைல்மா?" என்று கேட்டேன்.

"ஸ்டைலா? காலைல ஆறு மணி யோகா" என்றாள்.

முதுகு கொஞ்சம் தேறி, டாக்டரும் சரி என்ற பிறகு நானும் ஒருவரிடம் போனேன். முதல் நாள் நாற்பது நிமிடம் கேள்வி மட்டும்தான். அடுத்த ஆறு வாரம் ஏழே ஏழு அசைவுகள். மல்லாந்து படுத்து, மூச்சோடு கையைத் தூக்கு, இறக்கு. இதுக்கா ஃபீஸ் கட்டினோம் என்று இருந்தது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தச் செயலி இதை எனக்குக் காட்டியிருக்கவே காட்டாது. நாலாவது மாதம் லேஸை நானே கட்டினேன். முதுகு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ஆகவே, ஸ்டைலைத் தேடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் வகுப்பில் மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஏதாவது கேட்கிறார்களா? 'வலிக்குது' என்றால் மாற்றாக வேறொன்று தருகிறார்களா, தாண்டிப் போகச் சொல்கிறார்களா? பக்கத்துப் பாயில் இருக்கும் ஐம்பது வயதுக்காரரும் நீங்களும் செய்வதில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், வாசல் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் போய்ச் சேருங்கள்.

போன வாரம் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். அன்றைக்கு மாஸ்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லிவிட்டு, போகும்போது டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.