தண்ணீருக்கு விலை வைக்கும் முன் தலையை எண்ணுங்கள்

மின்கட்டணம் நமக்குப் பழகிய கணக்கு. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அடுத்த படிக்குப் போய்விடக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தும் வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. குடிநீருக்கும் இப்படிப் படிப்படியாக விலை வைத்தால் வீணடிப்பது குறையும் என்கிறார்கள். நாம் அதை மறுக்கவில்லை. இன்று பல ஊராட்சிகளில் வீட்டுக் குழாய்க்கு மாதம் ஒரே தொகை. நாலு குடம் பிடிக்கிற வீட்டுக்கும், மாடித் தொட்டியை நிரப்பித் தென்னைக்கும் பாய்ச்சுகிற வீட்டுக்கும் அதே தொகைதான். இதில் சிக்கனமாக இருப்பவருக்கு என்ன லாபம்?

ஆனால் முதல் படியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2018 வறட்சியில் கேப் டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வரம்பு வைத்து, அதிகம் செலவழிப்போருக்கு விலையை உயர்த்தியது. பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. குழாய்கள் அடைபடும் நாள் வராமல் தப்பினார்கள்.

அதே நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. 2001-இல் வந்த கொள்கைப்படி வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். எட்டுப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்பது கணக்கு. கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவின் ஃபிரி பகுதியில் முன்பணம் கட்டும் மீட்டரைப் பொருத்தினார்கள். இலவசத் தண்ணீர் தீர்ந்ததும் குழாய் தானாக நின்றுவிடும். ஒரே மனையில் இருபது பேர் வாழ்ந்த இடத்துக்கும் அதே 6,000 லிட்டர்தான். மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் தரச் சொன்னது. 2009-இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

நம் காலனிகளிலும் ஒரே பட்டா வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. அதாவது மாதம் 1,650 லிட்டர். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 3,300 போதும். எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு 13,200 வேண்டும். இரண்டுக்கும் 8,000 லிட்டரே முதல் படி என்றால், சிறிய வீடு இரண்டு மடங்கு செலவழித்தும் தப்பிக்கும். பெரிய குடும்பம் குடிக்கிற தண்ணீருக்கே மேல்படி விலை கட்டும். வீட்டை எண்ணாமல் ஆளை எண்ண வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தோட்டத்துக்கும் மனைப் பரப்புக்கும் சலுகை கூடாது. நிலமில்லாதவரிடம் அது எடுபடாது.

விலைக்கு முன்னால் தண்ணீர் வர வேண்டும். பல ஊர்களில் குழாய் ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் காலனிக்கு வருகிறது. மோட்டார் வைத்து உறிஞ்சியது போக மிஞ்சுவது காற்று. அதற்கும் மீட்டர் சுற்றும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. வந்த தண்ணீர் குடிக்கத் தக்கதா என்பதை எந்த மீட்டரும் சொல்லாது.

அதற்காக மீட்டரையே எதிர்க்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது எழுத்தில் வந்தால், அது நம் கையில் இருக்கும் சாட்சி.

1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியது தாகத்துக்காக அல்ல, சம உரிமைக்காக. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும்போது நாம் மூன்றைத் தீர்மானமாகக் கேட்போம்: ஆளுக்கு 55 லிட்டர் குறைந்த விலையில், தெருவாரியான அளவு அறிவிப்புப் பலகையில், பணம் கட்டவில்லை என்று குடிநீரை நிறுத்தக் கூடாது. இவை கிடைத்த பிறகு சிக்கனம் பற்றிப் பேசலாம். குடம் சுமந்த நமக்கு அதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.