கிளட்சை எடுத்துவிட்டால் போதுமா?

– ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாமாண்டு மாணவன்



"ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுறவன்லாம் டிரைவரே இல்லடா!" – நம் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வழங்கும் நீதிபதிகளில் நானும் ஒருவனாக இருந்தவன். கியர் மாற்றத் தெரியாதவர்களுக்கும் காசு அதிகம் இருப்பவர்களுக்கும்தான் அது என்று நினைத்திருந்தேன். போன பொங்கல் லீவில் என் தாய்மாமா அந்த எண்ணத்தை மாற்றினார்.

மாமாவுக்கு ஊர் சந்தவாசல். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றாலே ஜவ்வாது மலை தெரியும். அவரிடம் ஒரு பழைய மகிந்திரா எம்.எம்.540 ஃபோர்வீல் டிரைவ் ஜீப். 2112 சி.சி. பியூஜோ டீசல் இஞ்சின், சுமார் 62 குதிரைத்திறன். போளூர் வந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதை ஏறி, சாமை, புளி மூட்டைகளை இறக்கி வருவார். அவசரம் என்றால் ஆளையும் ஏற்றுவார். அவருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. வளைவுக்கு வளைவு கிளட்ச். வீட்டுக்கு வந்து இறங்கினால் பத்து நிமிஷம் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மாப்ளே, நீ இன்னாமோ ஆட்டோமொபைல் படிக்கிறியே, இதுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் கியரு போட்டுக் குடுக்க முடியாதா?"

"அதுக்கு இன்னா மாமா, பழைய பாக்ஸைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிட்டா முடிஞ்சுது!" என்று அளந்துவிட்டேன். வந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் என் வாய்க்கொழுப்பு புரிந்தது.

ஆட்டோமேட்டிக் கியர் ஆடம்பரம் இல்லை. மாமா மாதிரி ஆளுக்கு அது மருந்து. ஆனால் அரைகுறையாகச் செய்த மருந்து நோயைவிட மோசம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காரணங்களைக் கேளுங்கள்.

திரவத்தின் வழியாகச் சக்தியைக் கடத்தும் யோசனைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். அவர் அதைக் கப்பலுக்காகத்தான் யோசித்தார். 1939-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' கியரைக் காரில் கொண்டுவந்தது. நம் நாட்டு ஜீப்புக்கு வருவோம். 2010-ல் வந்த மகிந்திரா தாரில் ஆட்டோமேட்டிக் கிடையாது. 2020-ல் வந்த புதிய தாரில் டீசலுக்கும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. கம்பெனிக்காரன் செய்ததை நாம் பட்டறையில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

முதல் பிரச்சினை, மாட்டுவது. இஞ்சினின் பின்பக்கமும் புது பாக்ஸின் முன்பக்கமும் பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். ஃப்ளைவீலை எடுத்துவிட்டு ஃப்ளெக்ஸ் பிளேட்டும் டார்க் கன்வர்ட்டரும் வர வேண்டும். மையம் கொஞ்சம் விலகினாலும் ஆயில் சீல் போகும், பம்ப் போகும். பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் இருக்கிறது. அது நகர்ந்தால் முன், பின் புரொப்பெல்லர் ஷாப்ட் இரண்டின் நீளமும் மாறும். இதெல்லாம் லேத்தில் முடிகிற வேலை. நம் பசங்க செய்துவிடுவார்கள்.

இரண்டாவதுதான் நம்மில் பலர் யோசிக்காதது. எப்போது கியர் மாற வேண்டும் என்று பாக்ஸுக்கு யார் சொல்வது? பழைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில், இஞ்சினின் வாக்குவம் அளவை வைத்துத்தான் பாக்ஸ் சுமையைத் தெரிந்துகொள்ளும். மாமா வண்டி டீசல் இஞ்சினில் திராட்டில் வால்வு இல்லை. அதனால் அந்த வாக்குவமும் இல்லை! பெட்ரோல் இஞ்சின் சுற்றும் வேகத்துக்கு இந்த டீசல் சுற்றவும் சுற்றாது. அந்தக் கணக்கில் கியர் மாறினால் ஏற்றத்தில் வண்டி திணறும். புதிய எலெக்ட்ரானிக் பாக்ஸ் வாங்கினாலோ, அதனோடு பேச மாமா ஜீப்பில் ஒரு சென்சார்கூடக் கிடையாது. பம்ப் லீவரில் சென்சார் வைத்து, தனி கன்ட்ரோலரும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, சூடு. டார்க் கன்வர்ட்டர் ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டேதான் இழுக்கும். வழுக்கும் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கும். 62 குதிரையில் கொஞ்சத்தை இப்படித் தின்றுவிட்டால் மூட்டையோடு மேலே போவது எப்படி? ஆயில் கூலர் தனியாக வைக்காமல் ஜமுனாமரத்தூர் ஏறினால், பாக்ஸுக்கு அதுவே கடைசிப் பயணமாகலாம்.

நான்காவது, இறக்கம். மாமா இரண்டாவது கியரில் போட்டு இஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர். ஆட்டோமேட்டிக்கில் 'டி'யில் விட்டால் வண்டி தன்பாட்டுக்கு மேல் கியருக்குப் போய் ஓடும். 'எல்'லில் போட்டு இறங்கவும், தேவைப்பட்டால் டிரான்ஸ்பர் கேஸை லோவில் போடவும் பழக வேண்டும். இத்தனை வருஷப் பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் பிரேக்கை மிதித்துவிடும் ஆபத்தும் உண்டு. டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், 'பி'யில் போட்டிருந்தாலும் சக்கரம் உருளும் என்பதை எத்தனை பேர் அறிவோம்? மலை மேல் பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. பாக்ஸின் பம்ப் இஞ்சின் ஓடினால்தான் ஓடும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. உடல் ஊனமுற்றவருக்காக மாற்றியமைத்த வண்டிக்கு வழி உண்டு. ஆனால் அது அவருக்காக மட்டுமே பயன்பட வேண்டும். மூட்டையும் ஆளும் ஏற்றும் மாமாவுக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

2022 ஏப்ரலில் இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம், கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குக் கியர் காரணம் என்று சொல்லவில்லை. அந்தப் பாதையில் பரீட்சைக்கு இடமில்லை என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீ மாட்டிக் குடுத்தா, உங்க அம்மாவை அதுல ஏத்திக்கினு மேல போவியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன்.

பிறகு இருவரும் வண்டியடியில் படுத்தோம். கிளட்ச் ஃபோர்க்கும் இணைப்பு புஷ்களும் தேய்ந்திருந்தன, பிளேட்டும் முடிந்திருந்தது. அவற்றை மாற்றியதும் பெடல் நன்றாக இளகியது. மலைப்பாதை நாட்களில் மாமா மகன் ஓட்டுகிறான். வலி பாதி குறைந்திருக்கிறது. மீதி பாதி இன்னும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

அந்த மீதிப் பாதிக்காகத்தான் உங்களிடம் வருகிறேன். நம் லேபில் சிங்க்ரோமெஷ் பாக்ஸை எத்தனை தடவை பிரித்திருப்போம்! ஆட்டோமேட்டிக்கை சார்ட்டில் தவிர எங்கே பார்த்தோம்? நாளை நாம் வேலைக்குப் போகும் சர்வீஸ் சென்டரில் வரிசையாக நிற்பது அந்த வண்டிகள்தானே?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ் தேடி வாங்குவோம். லேபிலுள்ள டீசல் இஞ்சினோடு ஸ்டாண்டில் பொருத்துவோம். சுமை கொடுத்து எண்ணெய் சூட்டை அளப்போம். எந்த வேகத்தில் கியர் மாறுகிறது என்று எழுதி வைப்போம். தப்பு நடந்தால் ஸ்டாண்டில் நடக்கட்டும், மலையில் வேண்டாம். நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகள் அந்த நோட்டை எடுத்துத் தொடரட்டும்.

முதல் நூறு ரூபாய் என்னுடையது. அடுத்தது யார் நண்பர்களே?