மூட்டுக்குச் சுமையும் தேவை

“விண்வெளி ஆய்வுக்குக் கொட்டும் பணத்தில் எத்தனை ஏழைகளின் பசியைத் தீர்க்கலாம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும், நமது முழங்காலைப் பற்றி அறியச் செய்த ஆய்வொன்றைப் படித்த பின், அதை வீண்செலவு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மூட்டுகளில் என்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்தில் குருதிக் கலன்கள் இல்லை. அதன் கலங்கள் மூட்டினுள் இருக்கும் பாய்பொருளிலிருந்தே போசணையைப் பெறுகின்றன. நாம் நடக்கும்போது கசியிழையம் அமுங்கி மீள்வது அதற்குத் துணை செய்கிறது. ஒருமுறை சிதைந்தால் தானாக ஆறும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு.

அந்தச் சுமையே இல்லாவிட்டால்? மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள், கன்றின் கசியிழையக் கலங்களைப் பூமியில் 3 மாதங்கள் வளர்த்து, 1996 இல் ஒரு பகுதியை ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினர். 4 மாதங்களின் பின்னும் கலங்கள் உயிருடன் இருந்தன. ஆனால் அங்கு வளர்ந்த இழையம் உருண்டையாகி, பூமியில் வளர்ந்ததை விட வலிமை குன்றியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆய்வுகூடத் தட்டில் வளரும் மனிதக் கசியிழையக் கலங்கள் தட்டையாகித் தம் இயல்பை இழந்துவிடுகின்றன. நிறையின்மையை ஒத்த நிலையைத் தரும் சுழல் கருவியிலோ அவை ஒன்றுசேர்ந்து சிறு கோளங்களாகின்றன. தேய்ந்த மூட்டுக்குப் புதிய இழையம் வளர்க்க இந்த அறிவு ஒருநாள் உதவலாம். கதிரையில் இருந்து தொழும் நம் உம்மம்மாமாரை நினைத்தால், இதன் பெறுமதி விளங்கும்.

என்பும் தசையும் நலியாதிருக்க விண்வெளி வீரர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். நாமோ உயர்தரத்துக்கு வந்ததும் வலைப்பந்தை விட்டுவிடுகிறோம். பாடசாலையில் கதிரை, டியூஷனில் கதிரை, வீட்டிலும் கதிரை. “பொம்பிளப் பிள்ளைக்கு இனி என்ன விளையாட்டு?” என்ற பேச்சு வேறு. கதிரையில் இருப்பது நிறையின்மை ஆகாதுதான். என்றாலும், அசைவும் சுமையும் இன்றி மூட்டு நலமாக இருக்காது என்பது இருவருக்கும் பொதுவான பாடம்.

பெற்றோரே, பரீட்சை முக்கியம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. மாலையில் அரை மணி நேரம் நடக்கவோ விளையாடவோ எங்களை விடுங்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள்.