எழுத்துருவைத் தேடி அலையலாமா?

"கோப்பை அனுப்பியிருக்கிறேன், கூடவே எழுத்துருவையும் அனுப்பியிருக்கிறேன். அதை நிறுவிக்கொண்டால்தான் படிக்க முடியும்" என்று யாரேனும் உங்களிடம் கூறியதுண்டா? கணிப்பொறியில் தமிழ் எழுதுவோர் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய சொற்கள் இவை. இந்தப் பழக்கம் இனியும் தொடரலாகாது என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. நினைவகத்தில் இருப்பது அந்த எண்ணே. அதைத் திரையில் எந்த வடிவத்தில் வரைவது என்று கூறும் கோப்புக்கே எழுத்துரு என்று பெயர். எண்ணை ஓர் ஆள் என்று கொண்டால், எழுத்துரு அவர் அணியும் சட்டை. சட்டையை மாற்றினால் ஆளே மாறிவிடலாமா? தமிழில் நெடுங்காலம் அதுதான் நடந்தது.

ஆஸ்கி என்னும் ஆங்கிலக் குறிமுறையில் இருந்தவை 128 எண்கள். தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆகவே நம்மவர்கள் ஓர் உபாயம் செய்தனர். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் தமிழாக வரைந்துவிட்டனர்! பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கணிப்பொறி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி உள்ள கணிப்பொறியில் அது அம்மா. இல்லாத கணிப்பொறியில் வெறும் கூளம். வேறு அடுக்குமுறை கொண்ட இன்னொரு தமிழ் எழுத்துருவைப் போட்டாலோ, அது வேறொரு கூளம். அவர்களை நான் குறை கூற மாட்டேன். வேறு வழியில்லாத காலத்தில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே.

1991இல் யூனிகோடு வெளிவந்தது. தமிழில் இதனை ஒருங்குறி என்கிறோம். இதில் தமிழுக்கெனத் தனி எண்கள் உள்ளன. அ என்றால் 2949, ம என்றால் 2990, புள்ளி 3021, துணைக்கால் 3006. சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும் இவை மாறுவதில்லை. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகு மாறும், சொல் மாறாது.

'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். பாமினியில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள் வேண்டும். ஒருங்குறியிலோ முதலில் க, அடுத்து ஒகரக் குறி, இரண்டே எண்கள். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்தும் வேலையைச் செயலியும் எழுத்துருவும் சேர்ந்து செய்கின்றன. சில பழைய செயலிகளில் கொம்பு இடம் மாறி நிற்பது, செயலிக்கு இவ்வேலை தெரியாததனால்தான். அங்கே எத்தனை எழுத்துருக்களைப் பதிவிறக்கினாலும் பயனில்லை!

புதிய எழுத்துருவை நிறுவுவது எளிது. விண்டோஸில் கோப்பை இருமுறை சொடுக்கினால் நிறுவும் பொத்தான் தோன்றும். மேக் கணிப்பொறியில் 'ஃபான்ட் புக்' என்னும் செயலி உள்ளது. திறந்திருக்கும் செயலியை மூடித் திறந்தால்தான் பட்டியலில் புதிய பெயர் தென்படும் என்பதை மறவாதீர்கள். கைப்பேசியில் இது பெரும்பாலும் அந்தந்தச் செயலியைப் பொறுத்தது. நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அழகுக்காக எத்தனை வேண்டுமானாலும் நிறுவுங்கள். (ட்ரூடைப் வகை எழுத்துருவில் ஒவ்வொரு வளைவும் பரவளையத்தின் ஒரு துண்டு. நீங்கள் எறிந்த கல் செல்லும் பாதையும் அதே பரவளையம்தான்! இயற்பியல் ஆசிரியனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

2010இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எனினும் பழைய முறையில் அடித்த பாடக்குறிப்புகள் இன்றும் என்னிடம் வந்து சேர்கின்றன. எழுத்துருவை நிறுவினால் படித்துவிடலாமே, அதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கண் உள்ளவர்களுக்கு அது சரி. பார்வையற்ற மாணவர் ஒருவர், திரையை வாசிக்கும் மென்பொருளால் அதே குறிப்பைக் கேட்டால் என்ன ஆகும்? மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறது. அவர் காதில் 'அம்மா' விழாது. பொருளற்ற ஆங்கில ஓசையே விழும். தேடினாலும் அந்தக் கோப்பில் தமிழ்ச் சொல் அகப்படாது. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் செயலி ஒருங்குறியை ஏற்காது என்று அச்சகத்தார் முன்பு கூறிய காரணம் அன்று நியாயமானதே. அதன் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். ஒருங்குறியை ஏற்கும் செயலிகள் இன்று பல உள்ளன.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய தமிழ்க் கோப்புகள் இருக்கலாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் உள்ளன. ஆனால் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். அடித்தவரிடம் இப்போதே கேட்டுப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின்னர் முழுவதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறி விழித்துக்கொண்டிருக்கும்!