நமது பேரேடு யார் கையில்?

அண்மைக் காலமாக நமது சங்கங்கள் பலவற்றின் மாதாந்தக் கூட்டங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. அங்கத்தவர் பதிவு, சேமிப்பு, கடன், மரக்கறி விற்ற கணக்கு ஆகிய யாவற்றையும் கணனியில் ஏற்ற வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த வேலையைப் பட்டணத்துக் கம்பனி ஒன்றிடம் மாதக் கட்டணத்திற்குக் கொடுத்துவிடுவதா, அல்லது சங்கத்துக்குள்ளேயே ஆள் வைத்துப் பார்ப்பதா? கொழும்பில் வங்கிகளும் பெரிய வியாபார நிலையங்களும் பேசிக்கொள்ளும் விடயம் இது, தற்காலிகக் கொட்டில்களில் இருக்கும் நமக்கு எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. மண்சரிவில் வீட்டையும் தோட்டத்துண்டையும் இழந்த குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது பல வேளைகளில் ஏதோ ஒரு பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே.

மலையகத்தில் இது புதிய கதையுமல்ல. நமது பாட்டன்மார் காலத்தில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனைக் குறித்த அந்தச் சீட்டு இல்லாமல், கடன் தீராமல், வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு, வாசிக்கத் தெரிந்தவர் கையில் இருந்தது. கடன்பட்டவருக்கோ அதைப் பார்த்தால் எழுத்துக்கூடப் புரியாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் செக்ரோலில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டதால் ஊழியர் சேமலாப நிதிக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். எழுதியவர் தவறு செய்தார், அலைந்தவர் மற்றவர்.

நிர்வாகத்தை வெளியாருக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவமும் நமக்குண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசிடம் வந்த தோட்டங்களின் நிர்வாகம், 1992இல் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காணி அரசினுடையது, நடத்துவது கம்பனி. ஒப்பந்தம் ஐந்தே வருடம். தேயிலைக் கன்றை நட்டால் ஒழுங்காகக் கொழுந்து தரச் சில வருடங்கள் செல்லும். ஐந்தாம் வருடம் போகக்கூடியவர் எதற்காகப் பணம் போட்டு மீள்நடுகை செய்வார்? 1995 முதல் நீண்டகாலக் குத்தகைக்கு மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். குத்தகை நீண்டதால் லயத்தின் கூரை திருந்தியதா என்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறோம்.

ஆகவே வெளியார் வேண்டாம், எல்லாம் நம் கையிலேயே இருக்கட்டும் என்று முடிவு கட்டலாமா? அதுவும் அவ்வளவு இலேசான காரியமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்றார்கள். அடுத்த நாளே நூற்றுக்கும் குறைவு என்றார்கள். யார் யார் அங்கு குடியிருந்தார்கள் என்று காட்டவேண்டிய உள்ளூர்ப் பதிவேடுகளும் மண்ணுக்குள் போனதாக அன்று செய்தி வந்தது. பதிவேடு ஊரிலேதான் இருந்தது. அதற்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருந்ததாகத் தெரியவில்லை.

அரசின் கதையும் இவ்வாறே. தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகளை வெளிக் கம்பனி ஒன்று பராமரித்து வந்தது. 2021இல் அவை அழிந்து, விடயம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை சென்றது. 2023இலோ அரசின் சொந்தக் கணனிச் சேவையே தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் இல்லாமற் போயின. மென்பொருள் பழையது, புதுப்பிக்கவில்லை. அந்த நாட்களுக்குரிய மறுபிரதியும் இல்லை. ஒன்று வெளியார் கையில், மற்றது சொந்தக் கையில். இரண்டிலும் இழப்பு ஒன்றுதான்.

நமது குற்றத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நமது நிலையத்தின் குடும்பப் பதிவை, கெட்டிக்காரரான ஒரு தம்பியிடம் முழுமையாக விட்டிருந்தோம். அவர் வெளிநாடு போனார். கடவுச்சொல்லும் அவரோடு போனது. அவரைக் குறைகூற மாட்டோம், எழுதி வாங்கி வைக்காதவர்கள் நாமே. மூன்று மாதம் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கிப் பெயர்களைத் திரும்ப எழுதினோம். பழைய கொப்பிகளைப் பத்திரமாக வைத்திருந்த காசாளர் அக்கா ஒருவரால்தான் சேமிப்புக் கணக்கு தப்பியது.

எனவே நமது கருத்து இதுதான். இயந்திரம் பழுதுபார்த்தல், இணைய இணைப்பு, மென்பொருள் அமைத்தல் போன்றவற்றை வெளியில் கொடுப்பதில் தவறில்லை. அவற்றுக்கென்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கச் சிறிய சங்கத்தால் இயலாது. ஆனால் பெயரையும் கடனையும் சேர்ப்பதும் திருத்துவதும் சங்கத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். அதற்கு ஒருவரல்ல, இருவர் பழக வேண்டும். உயர்தரம் முடித்த பிள்ளைகள் நம் மத்தியில் உள்ளனர். அவர்களும் ஒரு நாள் கொழும்புக்குப் போகக் கூடும் என்பதை இப்போதே கணக்கில் எடுப்போம். கடவுச்சொல்லை உறையிலிட்டுத் தலைவரிடம் ஒன்றும் காசாளரிடம் ஒன்றுமாக வைக்கலாம். மாதந்தோறும் ஒரு பிரதி, சரிவு அபாயம் இல்லாத வேறிடத்தில் இருக்கட்டும். கம்பனியோடு எழுதும் ஒப்பந்தத்தில், விலகும் நாளில் தரவு முழுவதையும் நாம் வாசிக்கக்கூடிய வடிவில் திருப்பித்தர வேண்டும் என்ற வரி இல்லையானால் கையொப்பமிட வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மழையில் மலைகள் சரிந்த பின், பல குடும்பங்களின் பெயர்கள் புதிய பட்டியல்களில் ஏறியுள்ளன. அடுத்த கூட்டத்திற்கு வரும்போது அடையாள அட்டையையும் சேமிப்புக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். கணனியில் உள்ள உங்கள் பக்கத்தை அச்சிட்டுத் தரும்படி செயலாளரிடம் கேளுங்கள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தாலும் அங்கேயே திருத்திக்கொண்டு வீடு திரும்புங்கள்.